இளவட்டக் கல்லிலிருந்து இரும்புத் தட்டு வரை

தென்பாண்டி நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில், ஊர்ச் சாவடிக்கு முன்னாலோ கோயில் வாசலிலோ, பாதி மண்ணில் புதைந்து கிடக்கும் உருண்டைக் கல் ஒன்றை இன்றும் காணலாம். இளவட்டக் கல் என்பது அதன் பெயர். கலியாணக் கல் என்று சொல்வாரும் உண்டு. வயதுக்கு வந்த இளைஞன் அதன் முன் குந்தி, பிடி கொடுக்காத அந்த வழவழப்பை இரு கைகளாலும் அணைத்து, முதலில் தொடைமேல் ஏற்றி, பிறகு நெஞ்சோடு சேர்த்து நிமிர்ந்து, தோளுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட வேண்டும் என்பது முறை. அப்படிச் செய்து காட்டியவனுக்கே பெண் கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பொங்கலை ஒட்டி இந்தப் போட்டி இன்னும் நடக்கிற ஊர்கள் இருக்கின்றன; சில ஊர்களில் பெண்களும் கல்லைத் தூக்குகிறார்கள். நம் நாட்டுத் தேகபலத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் இந்தக் கல்லைப் பெருமையோடு குறிப்பிடுவது நியாயமே. ஆயினும் பலம் பெறுவது எப்படி என்ற கேள்விக்கு அந்தக் கல்லிடம் விடை கிடையாது. தூக்க வல்லவனை அது ஊரறியப் புகழ்கிறது. மாட்டாதவனை வெறுங்கையோடு திருப்பி அனுப்புகிறது. மாட்டாதவன் வல்லவனாவதற்கு இடையில் ஏறவேண்டிய படிகள் எவையும் அதில் இல்லை.

அந்தப் படிகளை அமைத்துத் தந்ததே எடைப் பயிற்சி என்று இன்று வழங்கும் கலையின் சாரம் என்பது என் துணிபு. இந்த எண்ணத்தின் வித்து மிகப் பழையது. தென் இத்தாலியில் கிரேக்கர் குடியேறி வாழ்ந்த குரோட்டன் நகரத்தில், கி.மு. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த மிலோ என்னும் மல்லன், கன்றுக்குட்டி ஒன்றை நாள்தோறும் தோளில் சுமந்து நடந்து, அது வளர வளரத் தானும் வளர்ந்து, கடைசியில் முழுக் காளையையே சுமந்தான் என்று ஒரு கதை வழங்கிவருகிறது. கதை நடந்ததோ இல்லையோ, அதில் அடங்கிய தத்துவம் மெய்யானது. 1902-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் ஆலன் கால்வர்ட் என்பவர், எடையைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள பார்பெல்களைச் செய்து விற்பதற்காகத் தொடங்கிய கம்பெனிக்கு மிலோவின் பெயரையே சூட்டியது பொருத்தமான காரியம். அதுவரை பலசாலிகளின் மேடைப் பொருளாயிருந்த இரும்புக் குண்டு, அன்று முதல் பலவீனனும் கையாளத்தக்க கருவியாயிற்று. இன்று எந்த ஜிம்முக்குள் நுழைந்தாலும் சுவரோரத்தில் அடுக்கியிருக்கும் பிளேட்டுகளில் 20 கிலோ, 25 கிலோத் தட்டுகள்தாம் முதலில் கண்ணில் படுகின்றன. ஆனால் ஆரோக்கியத்தை நாடி வருகிறவனுக்கு அவற்றைவிட அருமையானது, உள்ளங்கையில் அடங்குகிற 1.25 கிலோத் தட்டுதான்.

நம் நாட்டிலும் தேகாப்பியாசத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. சிலம்பக் கூடங்களிலும் மல்யுத்தக் கூடங்களிலும் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் தலைமுறை தலைமுறையாக வழங்கி வந்தன. கர்லாக்கட்டையை வெள்ளைக்கார ராணுவத்தார் தம் நாட்டுக்கே எடுத்துச் சென்றார்கள். 1904-05-இல் மேடைப் பலசாலி யூஜின் சாண்டோ இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தபோது இரும்புப் பயிற்சியின் மோகம் இங்கே பரவிற்று. பெங்களூரில் கே.வி. ஐயர் நடத்திய பயிற்சிசாலை பல இளைஞர்களை உருவாக்கிற்று. 1920-இல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, தேகப்பயிற்சி ஆசிரியர் என்ற ஒரு வர்க்கத்தையே நமக்கு அளித்தது. வங்காளத்து மனோகர் ஐச், சிறைவாசத்தின்போதும் பயிற்சியை விடாமல், 1952-இல் தம் உயரப் பிரிவில் மிஸ்டர் யூனிவர்ஸ் பட்டம் பெற்று, நூறு வயதையும் கடந்து வாழ்ந்து 2016-இல் காலமானார். இத்தனை கீர்த்தி இருந்தும் ஒரு குறையும் கூடவே வளர்ந்தது. இரும்பு தூக்குவது உடம்பைக் காட்டுவதற்காக, அல்லது மேடை ஏறுவதற்காக என்ற அபிப்பிராயம் ஜனங்கள் மனத்தில் வேரூன்றிவிட்டது. ஆகவே குமாஸ்தாவும் வாத்தியாரும் குடும்பத் தலைவியும் அது தங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

ஒதுங்குவதற்குச் சாஸ்திரமும் ஒரு காலத்தில் துணை நின்றது. பளு தூக்கினால் தசை இறுகிவிடும், அங்கங்கள் மந்தமாகும், இருதயம் பருத்துக் கெடும் என்று உடற்கல்வி ஆசிரியர்களே போதித்து வந்தார்கள். அப்படிப் போதித்தவர்களுள் ஒருவரான பீட்டர் கார்ப்போவிச், தம் மாணவரோடு சேர்ந்து, பளு தூக்குவோரும் தூக்காதோருமாக 600 பேருடைய கைவேகத்தைக் கருவி வைத்து அளந்து 1951-இல் முடிவை வெளியிட்டார். பளு தூக்குவோரின் கைகளே விரைவாகச் சுழன்றன. தம் பழைய கொள்கைக்கு மாறான முடிவை அவர் மறைக்காமல் வெளியிட்டதை ஆராய்ச்சி நேர்மைக்கு நல்ல உதாரணமாகக் கருதுகிறேன்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, இன்னும் பெரிய திருப்பம் ஒன்று மருத்துவமனையில் நிகழ்ந்துவிட்டது. இரண்டாம் உலக யுத்தத்தில் காயம்பட்ட சிப்பாய்கள் சிகாகோ நகரத்து ராணுவ மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். முழங்காலில் அடிபட்டோரின் தொடைத் தசைகள் க்ஷீணித்து, லேசான பயிற்சிகளால் தேறாமல் இருந்தன. தாமஸ் டிலார்ம் என்ற இளம் வைத்தியர், பிள்ளைப் பருவத்தில் வாதக் காய்ச்சலால் படுக்கையில் விழுந்து, பின்னர் இரும்பு தூக்கியே உடம்பைத் தேற்றிக்கொண்டவர். அவர் அந்தச் சிப்பாய்களின் பாதத்தில் இரும்புச் செருப்பைக் கட்டி, பத்துத் தடவைக்கு மேல் தூக்க முடியாத எடை எதுவோ அதைக் கண்டறிந்து, அதையே அளவாக வைத்துக்கொண்டு, வாரந்தோறும் கூட்டிக்கொண்டே போனார். 1945-இல் அவர் வெளியிட்ட முடிவுகள் மருத்துவ உலகத்தைத் திடுக்கிட வைத்தன. பின்பு ஆர்தர் வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து அந்த முறையைச் சுருக்கி, அளவெடையின் பாதி, முக்கால், முழுமை என்று மூன்று செட், ஒவ்வொன்றிலும் பத்துத் தடவை என்று அவர் வகுத்தார். இன்று நம் ஊர் ஜிம்களில் ‘மூணு செட், பத்து ரெப்ஸ்’ என்று பயிற்சியாளர் சொல்வது, நோயாளிகளுக்காக ஒரு வைத்தியர் எழுதிய மருந்துச் சீட்டின் வாசகம் என்பதை அறிந்தவர் மிகச் சிலரே.

சிப்பாய்கள் வாலிபர்கள்; அவர்களுக்குப் பலித்தது விருத்தர்களுக்குப் பலிக்குமா என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. அதை 1990-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்தில் மரியா பியட்டரோன் என்ற வைத்தியரும் அவர் குழுவினரும் தீர்த்துவைத்தார்கள். முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரி வயது 90 ஆன பத்துப் பேர் முன்வந்தார்கள். முழங்காலை நீட்டும் பயிற்சி ஒன்றே ஒன்று, வாரத்துக்கு மூன்று நாள், தங்களால் ஒரு தடவை தூக்கக்கூடிய உச்ச எடையில் பாதியில் தொடங்கி நூற்றுக்கு 80 பங்கு வரை எடை, எட்டு வாரம். முடித்தவர்களின் கால்பலம் சராசரியாக 174 சதவீதம் கூடிற்று. தொடையின் நடுப்பகுதித் தசை 9 சதவீதம் வளர்ந்தது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். எட்டு வாரப் பயிற்சி இவ்வளவு தரும் என்றால், விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அவர்கள் பார்த்தார்கள்: நான்கு வாரம் சும்மா இருந்ததில் பெற்ற பலத்தில் கணிசமான பங்கு கரைந்தது. எடைப் பயிற்சியைப் பற்றிய ஆயிரம் ஆராய்ச்சிகளுள் ஒன்றை மட்டும் படிக்க அவகாசம் உள்ளவர் இதைப் படிக்கட்டும் என்பேன். தொண்ணூறு வயதிலும் தசை கட்டளைக்குக் கீழ்ப்படிகிறது; கட்டளையிடுவோர்தாம் இல்லை.

தசையை அழகுக்குரிய பொருளாக மட்டும் எண்ணுவது எவ்வளவு பிழை என்பதை நம் நாட்டார் முக்கியமாக உணரவேண்டும். உணவுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை இன்சுலினின் ஏவலால் உள்வாங்கிக்கொள்வது தசையே. தசை குறைந்த உடம்பில் சர்க்கரைக்குப் போக்கிடம் குறைகிறது. புனே நகரத்து வைத்தியர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் ஆங்கில வைத்தியர் ஜான் யுட்கினும் தங்கள் இருவர் உடம்பையே அளந்து 2004-இல் லான்செட் பத்திரிகையில் ஒரு படம் வெளியிட்டார்கள். உயரத்துக்கு எடை என்ற கணக்கில் இருவருக்கும் எண் ஒன்றே, 22.3. ஆனால் ஆங்கிலேயர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடம்பில் 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரிவதால் சுகமாக இருப்பதாக நினைத்துக்கொள்ளும் நம் ஜனங்களுக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை தேவையில்லை. 2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருக்கிறது. நடைப்பயிற்சியை வைத்தியர்கள் சொல்லாத நாளில்லை. கடற்கரையும் பூங்காவும் காலையில் நிரம்பி வழிகின்றன. நடை இருதயத்துக்கு நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் நடை மட்டும் தசையை வளர்ப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்போடு, இரண்டு நாளாவது பெரிய தசைக்கூட்டங்கள் யாவற்றுக்கும் பலப் பயிற்சி வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. முன்பாதியைக் கேட்டவர்கள் பின்பாதியைக் கேட்கவில்லை.

இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியாயிற்று. கைப்பிடியின் பலம் 5 கிலோ குறையும்தோறும் மரண அபாயம் 16 சதவீதம் கூடியிருந்தது. 2022-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஜப்பானியர், தசைப் பயிற்சி செய்வோருக்கு மரணமும் இருதய நோயும் நீரிழிவும் புற்றுநோயும் 10 முதல் 17 சதவீதம் வரை குறைந்திருக்கக் கண்டார்கள். பெரும்பாலும் வாரத்துக்கு 30 முதல் 60 நிமிஷத்திலேயே அதிகப் பலன் தெரிந்தது. இவை கவனித்துக் கணக்கெடுத்தவையேயன்றிச் சோதித்து நிறுவியவை அல்ல. பலமுள்ளவர் பிற வகையிலும் ஆரோக்கியமாக இருந்திருக்கக் கூடும். ஆகவே இவற்றைச் சாட்சியாகக் கொள்ளலாமே தவிரத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

எலும்பைப் பற்றிய சாட்சி இன்னும் உறுதியானது. ஆஸ்திரேலியாவில் கிரிபித் பல்கலைக்கழகத்தார், மாதவிடாய் நின்று எலும்பு அடர்த்தி குறைந்த 101 ஸ்திரீகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வாரம் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் அரைமணி, கனத்த எடைப் பயிற்சியை மேற்பார்வையோடு எட்டு மாதம் அளித்தார்கள். பயிற்சி பெற்றோரின் இடுப்புப்பகுதி முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடிற்று. மற்றப் பிரிவினருக்கு 1.2 சதவீதம் குறைந்தது. எலும்பு தேய்ந்த பெண்மணி கனமானதைத் தொடக்கூடாது என்று வீட்டிலுள்ளோர் அன்பினால் விதிக்கும் தடை, அந்த எலும்பை மேலும் தேயவிடுகிறது என்பதே இதன் பொருள். எடை தூக்கினால் ஆண் உடம்பு வந்துவிடும் என்ற அச்சத்துக்கும் ஆதாரம் இல்லை. தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் பெண்ணுக்கு ஆணின் அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. மேலும், நம் பெண்கள் எடை தூக்காதவர்களா என்ன? பதினைந்து லிட்டர்ப் பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் பதினைந்து கிலோ. நிறைந்த காஸ் சிலிண்டர் ஏறத்தாழ முப்பது கிலோ. அவற்றை வருஷக்கணக்கில் ஒரே இடுப்பில் சுமந்தும், முதுகை வளைத்து இழுத்தும் வந்திருக்கிறார்கள். சுமை இருந்தது, கிரமம் இல்லை, ஓய்வு இல்லை, எடையை உடம்புக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளும் சுதந்திரம் இல்லை. அதனால்தான் அது முதுகுவலியாயிற்று, பயிற்சியாகவில்லை.

இனித் தொடங்கும் முறை. ரத்த அழுத்தம் கட்டுக்கடங்காதவர், நெஞ்சுவலி உள்ளவர், சர்க்கரையால் கண்ணின் விழித்திரை கெட்டவர், குடலிறக்கம் உள்ளவர், சமீபத்தில் அறுவைச் சிகிச்சை ஆனவர் ஆகியோர் வைத்தியரைக் கேட்டே தொடங்கவேண்டும். மற்றவர்கள் நாற்காலியிலிருந்து தொடங்கலாம். கைப்பிடியில்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, பாதங்களைத் தோளகலத்தில் ஊன்றி, கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு, குதிகால் தரையைவிட்டு எழும்பாமல், முழங்கால்கள் உட்பக்கம் சாயாமல் எழுந்து நிற்கவேண்டும். பின்பு பொத்தென்று விழாமல் மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக உட்காரவேண்டும். பத்துத் தடவை எளிதாயிற்றானால் மார்போடு இரண்டு கிலோ டம்பெல் ஒன்றை அணைத்துக்கொள்ளலாம். ஸ்குவாட் என்று இன்றும் பஸ்கி என்று அன்றும் சொல்லப்பட்ட பயிற்சியின் ஆரம்பப் பாடம் இதுவே. கழிவறையிலிருந்து துணையில்லாமல் எழும் சக்தியை எழுபது வயதில் காப்பாற்றித் தருவதும் இதுவே.

குனிந்து எடுக்கும் வித்தையை நான் இன்னும் அவசியமானதாக நினைக்கிறேன். ஏனெனில் முதுகைக் கெடுப்பது எடையைவிட எடுக்கும் விதம்தான். ஒட்டடைக்கம்பு ஒன்றை முதுகோடு நெடுக்காகப் பிடித்துக்கொள்ளவேண்டும். தலையின் பின்புறம், மேல்முதுகு, புட்டத்துக்கு மேலுள்ள எலும்பு ஆகிய மூன்று இடங்களிலும் கம்பு தொட்டிருக்கவேண்டும். முழங்காலைச் சற்றே நெகிழ்த்து, பின்னால் இருக்கும் கதவைப் புட்டத்தால் சாத்துவதுபோல இடுப்பைப் பின்தள்ளிக் குனியவேண்டும். மூன்று இடங்களில் ஒன்று கம்பைவிட்டு விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம்; அந்த இடத்தோடு நின்று நிமிரவேண்டும். தொடையின் பின்பக்கம் இழுப்பதை உணர்கிறவர் சரியாகச் செய்கிறார். டெட்லிஃப்ட் என்று ஜிம்மில் கற்றுத்தருவதன் உயிர்நிலை இவ்வளவே. இது கைவந்த பிறகே பார்பெல் அருகில் போகலாம். ஆடவர் போட்டிக்குரிய பார்பெல் தட்டு எதுவும் மாட்டாமலே 20 கிலோ, பெண்டிருக்குரியது 15 கிலோ என்பதால் பலருக்கு அதுவும் தொடக்கத்தில் அதிகம், டம்பெல்லே போதும். இவற்றோடு தள்ளுவது ஒன்று, இழுப்பது ஒன்று என்று கைக்கும் மார்புக்கும் முதுகுக்கும் சேர்த்துக்கொண்டால் முழு உடம்புக்கும் ஆயிற்று. தரையில் தண்டால் எடுக்க இயலாதவர் சுவரில் கைவைத்து எடுக்கட்டும்.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒருநாளாவது ஓய்வு, ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, இதற்குமேல் ஆரம்பத்தில் வேண்டியதில்லை. முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் தசை பெருத்ததால் வருவதன்று. இருக்கிற தசைநார்களை ஒருங்கே ஏவ நரம்புகள் கற்றுக்கொள்வதால் வருவது. கண்ணாடியில் மாற்றம் தெரியவில்லையே என்று இரண்டாம் மாதத்தில் விட்டுவிடுகிற இளைஞர்கள் இதை அறிந்தால் நிற்பார்கள். கனமான எடையைச் சில தடவை தூக்குவதும், லேசான எடையைக் களைக்கும்வரை பல தடவை தூக்குவதும் தசை வளர்ச்சிக்கு ஏறக்குறைய ஒன்றே என்று அண்மை ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. உச்சபலத்துக்குத்தான் கனம் மேலானது. ஆதலால் மூட்டு வலியுள்ளவர் வருந்தவேண்டியதில்லை. குறித்த எடையில் பன்னிரண்டு தடவை ஒழுங்கு கெடாமல் முடிந்தால் அடுத்த முறை மிகச் சிறிய தட்டைச் சேர்க்கவேண்டும். இன்னும் இரண்டு தடவை எடுக்கலாம் என்ற நிலையில் நிறுத்துவதே ஆரம்பகாலத்துக்கு உத்தமம். என்ன எடை, எத்தனை தடவை என்று ஒரு நோட்டில் அன்றன்று எழுதிவைப்பவர் முன்னேறுவதையும், எழுதாதவர் ஒரே இடத்தில் சுற்றுவதையும் பயிற்சிசாலைகளில் காண்கிறேன். மூச்சை அடக்கலாகாது, தூக்கும்போது வெளிவிட்டு, இறக்கும்போது உள்ளிழுக்கவேண்டும். மூச்சை அடக்கி உச்ச எடையைக் காலால் தள்ளிய தேர்ந்த வீரர்களின் ரத்தநாளத்துக்குள் அளந்தபோது அழுத்தம் கணநேரம் 300-ஐயும் தாண்டியது 1985-இல் பதிவாயிற்று. இரத்த அழுத்தக்காரருக்கு இந்த விதியைத் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

உணவைப் பற்றி நீண்ட வாதம் தேவையில்லை. சோறு மலையாகவும் பருப்பு துளியாகவும் இருக்கும் இலையில் தசைக்கு வேண்டிய புரதம் சேராது. சாதாரண மனிதனுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்று நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் விதித்திருக்கிறது. பயிற்சி செய்பவருக்கு அதைப்போல் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை பயன் தரும். முட்டை ஒன்றில் ஆறு கிராம், நூறு கிராம் பருப்பில் இருபதுக்கு மேல். மத்தி மீன், சுண்டல், பொட்டுக்கடலை, தயிர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் வைத்தியரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டலாகாது. மூன்று மாதத்தில் உடம்பு ஏற்றித் தருவதாகச் சொல்லி ஊசியையும் மாத்திரையையும் நீட்டுகிற பயிற்சியாளர் எவ்வளவு பெயர் பெற்றவரானாலும் அவரிடமிருந்து அன்றே விலகிவிட வேண்டும். ஸ்டீராய்டு மருந்து இருதயத்தையும் ஈரலையும் விந்துற்பத்தியையும் கெடுக்கிறது. இருபது வயதுப் பிள்ளைகளை அதற்குப் பலிகொடுப்பது கண்டு பொறுத்திருக்க இயலாத அநியாயம்.

இடம் என்ற கேள்வி எஞ்சுகிறது. நம் நகரங்களின் பூங்காக்களில் நீலமும் மஞ்சளும் பூசிய திறந்தவெளிக் கருவிகள் வரிசையாக நிற்கின்றன. தாய்மார்கள் சேலையைச் செருகிக்கொண்டு அவற்றில் ஏறி ஆடுவதைக் காண மனம் மகிழ்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் எடையை மாற்ற வழியில்லை. சில சுழல்கின்றன, சில ஊசலாடுகின்றன. இன்று எவ்வளவு எதிர்ப்போ ஆறு மாதம் கழித்தும் அவ்வளவே. உடம்பை அசைக்க அவை உதவும். பலத்தை வளர்ப்பதற்கு இளவட்டக் கல்லின் குறையே அவற்றுக்கும் உண்டு. உள்ளாட்சி மன்றங்கள் அதே செலவில் ஒரு சிறு கூடம் கட்டி, ஒரு கிலோ முதல் இருபது கிலோ வரை டம்பெல்களும், உயரம் வேறுபட்ட நான்கைந்து மரப்பெட்டிகளும் வைத்து, பயிற்சி பெற்ற பெண் ஆசிரியை ஒருவரைக் காலை ஒன்பது முதல் பதினொரு மணி வரை, வீட்டுவேலை ஒருவாறு ஓய்கிற அந்த நேரத்தில் நியமிக்கலாம். தனியார் ஜிம்கள் பல அந்த நேரத்தில் வெறிச்சோடிக் கிடக்கின்றன. அவர்களோடு உடன்பாடு செய்துகொண்டாலும் காரியம் ஆகும். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கு மாத்திரை வாங்க மாதந்தோறும் வரிசையில் நிற்கிற ஐம்பது வயதுப் பெண்மணிக்கு, மாத்திரையோடு அந்தக் கூடத்தின் முகவரியையும் எழுதிக்கொடுக்க வைத்தியர்களுக்கு ஓர் ஏற்பாடு வேண்டும்.